மூச்சு முட்டுவதும் மூச்சு வாங்குவதும்

சென்ற மாதம் குத்தாலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தாள். பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடுகளைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அதே வாரத்தில் மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து, அதில் இவளையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "உடம்புக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னு கொஞ்ச நேரம் பேசணும் மேடம். நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

அந்தச் சம்பந்தம் பற்றிப் புத்தகங்கள் என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொண்டதுதான். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் மாயவரத்தில் பிறந்தவள். பள்ளி நாட்களில் வளையப் பந்து நன்றாக ஆடுவேன். அதை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியைக்கான படிப்பு. அந்த வருஷத்தைப் பற்றி இருட்டு பிரிவதற்கு முன் ஓடியதும், சதா பசித்ததும் தவிர வேறு ஞாபகமில்லை. படித்து முடித்த கையோடு குத்தாலத்தை அடுத்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. டிரில் டீச்சர் என்பார்கள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்த புதிது. ஊருக்கு ஊர் மேடை, மேடைக்கு மேடை அடுக்குத்தமிழ். நிலத்தைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் எங்கள் பக்கத்தில் அறுவடை நெருங்கினால் சட்டத்தை யார் பார்த்தார்கள்? கூலி நெல் பேச்சு முறியும். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வயலில் இறக்குவார்கள். வரப்பில் கொடிகளோடு உள்ளூர்க்காரர்கள் நிற்பார்கள். போலீஸ் வேன் வரும். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் வேறு மாதிரி தெரியும். ஒரு வாரம் வகுப்பில் கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் உட்காரும் பக்கத்து பெஞ்சுகள் காலியாக இருக்கும். அடுத்த வாரம் நிலக்காரர் வீட்டுப் பெண்களின் மறுபக்கம்.

தலைமையாசிரியை விசாலாட்சி அம்மாள். நிலபுலன் உள்ள குடும்பம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நிமிர்ந்து நடப்பார். வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. நம் குறையைச் சொன்னால் கடைசி வரை கேட்பார், பதில் சொல்ல மாட்டார். பதில் இரண்டொரு நாளில் தானாக வரும்.

நான் சேர்ந்த வாரத்தில் என் பீரியடில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போய்ச் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் மைதானத்தின் ஓரம் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வழக்கப்படி செய்தேன். எல்லோரும் வரிசையாக நடந்து நெருஞ்சி முள் பொறுக்கினார்கள். தாவணித் தலைப்பை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினார்கள். கை, கழுத்து, இடுப்பு என்று உடம்பைச் சூடேற்றிவிட்டு ஓடவிட்டேன். ஓடி முடித்தவர்களை உட்கார விடாமல் நடக்க வைத்தேன். அம்மாள் எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசில ஏன் நடக்க விட்டீங்க?"

ஓடியதும் சட்டென்று உட்கார்ந்தால் தலை சுற்றும், நெஞ்சுத் துடிப்பு ஏறின மாதிரியே மெல்ல இறங்கவும் வேண்டும் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தையல் வகுப்பு அதன் பழைய நேரத்துக்குப் போய்விட்டது.

மலர்க்கொடி அப்போது பத்தாம் வகுப்பு. அப்பா கோவிந்தன் பண்ணை வேலைக்காரர். பண்ணைக் கூலிகள் குடியிருந்த தெருவிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் பெண்களில் ஒருத்தி. கோ-கோ ஆட்டத்தில் கம்பத்தைத் தொட்டுத் திரும்புகிற வேகத்தில் அவளை யாரும் பிடித்ததில்லை. அந்தத் தை அறுவடைக்குப் பிறகு பத்து நாள் வரவில்லை. வந்தவள் மைதானத்துக்கு வராமல் வராந்தாவிலேயே உட்கார்ந்தாள். வயிற்று வலி என்றாள். அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் சரிந்து விழுந்தாள். வெயிலில் பெண்கள் மயங்கி விழுவது எங்களுக்குப் பழக்கம். சாப்பிடாமல் வருகிறவர்கள் பாதிப் பேர். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடுப்பைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்கினால் கண் திறந்துவிடுவார்கள். மயங்கினவளின் கை சில்லிட்டிருக்கும், நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலர்க்கொடியின் நாடியைத் தேட வேண்டியிருக்கவில்லை. என் விரலுக்கடியில் குதித்தது. கை விரல்கள் உள்ளே மடங்கி விறைத்திருந்தன. கண் திறந்தே இருந்தது. மூச்சை மேலே மேலே இழுத்தாள்.

"நெஞ்சு வெடிக்கப் போவுது டீச்சர். நான் செத்துப் போயிடுவேன்" என்றாள்.

இது மயக்கமில்லை என்பது மட்டும் புரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. அப்புறம் அழுதாள். விஷயம் ஒவ்வொன்றாக வந்தது.

அறுவடைத் தகராறின்போது, விளக்கு வைக்கிற நேரத்தில், பண்ணை நிலங்களை மேற்பார்க்கும் காரியக்காரரை யாரோ வயலில் வைத்து வெட்டிவிட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டார், ஒரு கை போயிற்று. வெட்டியவர்களில் கோவிந்தனும் ஒருவர் என்று அந்தக் காரியக்காரர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் போலீஸ் வந்தது. மலர்க்கொடியின் கண்ணெதிரே அப்பாவை முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். வெட்டு விழுந்த நேரத்தில் அவர் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். கீழிருந்து கீற்றை எடுத்துக் கொடுத்தவள் மலர்க்கொடி. அம்மா அன்று வேறு ஊருக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தாள். தெருவே தகராறு நடந்த வரப்பில் நின்றதால், அந்த மாலையை அறிந்த ஒரே ஆள் இந்தப் பெண். ஜாமீன் கிடைக்கவில்லை. அப்பா உள்ளே இருந்தார், இவளுக்கு வெளியே மூச்சு முட்டியது. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் வரும், வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் வரும், சில நாள் எதுவும் நடக்காமலே வரும்.

காத்து கருப்பு என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாள். நான் அவளையும் மகளையும் மாயவரம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் நிதானமாகப் பார்த்தார். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார், படியில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். மலர்க்கொடியை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினார். இதயத்தில் கோளாறு இல்லை, இது பயத்தின் வேலை, இந்த வயதில் தூக்க மாத்திரையில் பழக்க எனக்கு விருப்பமில்லை, நன்றாக ஓடக்கூடிய உடம்பு, ஓடவிடுங்கள், மாதம் ஒரு தடவை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். நான் எழுந்தபோது நிறுத்தினார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க. அவளுக்கு இருக்கு."

ஓடவிடுங்கள் என்று சொல்வது சுலபம். மலர்க்கொடி ஓட மாட்டேன் என்றாள். ஏனென்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று. எந்தத் துடிப்பைக் கண்டு பயந்தாளோ, ஓடினால் அதே துடிப்புதானே வருகிறது. வேகமாக நடந்தாலே "ஆரம்பிக்குது டீச்சர்" என்று நின்றுவிடுவாள்.

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு அவளை வாய்க்கால் கரையில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். புடவையோடு, முடிந்த வரை வேகமாக. திரும்பி வந்து அவள் விரலை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கும் இப்படியேதான் அடிக்குமா டீச்சர்?"

"ஓடினா எல்லாருக்கும் இப்படித்தான் அடிக்கும்."

"பயமா இல்லையா?"

ஓடினேன், அதனால் அடிக்கிறது, பயப்பட என்ன இருக்கிறது என்றேன். என் நாடி இறங்கும் வரை அவள் விரலை எடுக்கவில்லை. அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. இறங்கியதும் அவள் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. இறங்கும் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து நடந்தாள். பிறகு நடையும் ஓட்டமுமாக. ஒவ்வொரு தடவையும் கையைத் தானே பிடித்துக்கொண்டு இறங்குகிற வரை நிற்பாள். நேராக முன்னேறியது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் பாதி ஓட்டத்தில் அந்தப் பயம் வந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் கிட்டவே வரவில்லை. நான் கூப்பிடவில்லை. தானாக வந்து தாவணியைச் செருகிக்கொண்டு நின்றாள்.

ஆசிரியைகள் அறையில் பேச்சு எழுந்தது. வயதுக்கு வந்த பெண்ணை வகுப்பு முடிந்த பிறகு தனியாக ஓட விடுகிறாள், அதுவும் கொலை முயற்சி வழக்கில் இருப்பவன் மகளை என்று. அம்மாளிடமும் போயிற்று. கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"மூச்சு முட்டறதுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் என்ன வித்தியாசம் டீச்சர்?"

யோசித்துப் பார்த்தேன். உடம்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். முட்டும்போது ஏன் என்று நமக்குத் தெரியாது. வாங்கும்போது தெரியும். அதனால் அது அடங்கும் வரை காத்திருக்க முடிகிறது.

அடுத்த திங்கட்கிழமை முதல் பள்ளி விட்ட பிறகு விருப்பமுள்ள எல்லாப் பெண்களும் மைதானத்தில் ஓடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. இருபது பேருக்கு மேல் வந்தார்கள். மலர்க்கொடி அதில் ஒருத்தியானாள், யாரும் அவளைத் தனியாகப் பார்க்கவில்லை.

கோடை விடுமுறை போய்ப் பள்ளி திறந்து, மலர்க்கொடி அப்போதைய பள்ளி இறுதி வகுப்பான பதினொன்றுக்கு வந்திருந்தாள்; காவிரியில் தண்ணீர் வந்து நாற்று விட்டிருந்த சமயம். கணக்கு வகுப்பிலிருந்து மலர்க்கொடி எழுந்து அனுமதி கேட்டு வெளியே போவதை நான் பார்த்தேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினாள். பிறகு நடந்தாள். பின்னாலேயே போய் என்ன என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருக்கும்போதே அடிக்க ஆரம்பிச்சிடுச்சு டீச்சர். அதான் ஓடி, அதுக்கு ஒரு காரணம் குடுத்துட்டேன்" என்றாள். வகுப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

புரட்டாசியில் வழக்கு வந்தது. கோவிந்தனுக்காக வாதாடிய வயதான வக்கீல் நாகப்பட்டினத்திலிருந்து பள்ளிக்கே வந்தார். அந்தி நேரத்தில் ஆள் அடையாளம் தெரிந்தது என்ற காரியக்காரரின் வாக்குமூலம் பலவீனமானது, ஆனால் அந்தப் பலவீனத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, பெண் வந்து உண்மையைச் சொன்னால் பலம் கூடும் என்றார். அம்மாள் அறையில்தான் பேச்சு. நானும் மலர்க்கொடியும் நின்றிருந்தோம்.

"முடியாதுன்னா விட்டுடலாம்மா. நடுவுல உடைஞ்சு போனா உனக்கும் கஷ்டம், உங்கப்பாவுக்கும் கஷ்டம்" என்றார் வக்கீல்.

"சொல்றேங்க" என்றாள் மலர்க்கொடி.

அன்று மாலை பள்ளி குமாஸ்தா என்னிடம் ஒதுக்குப்புறமாகச் சொன்னார். கை இழந்த காரியக்காரர் வேலை பார்த்த பண்ணை அம்மாளுடைய சித்தப்பா மகனுடையது. பள்ளி நிர்வாகத்திலும் அவருக்குச் செல்வாக்கு உண்டு. பள்ளியிலிருந்து யாரும் கோர்ட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அவர் ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். நான் போவதென்று முடிவு செய்திருந்தேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மாளிடம் விடுப்பு கேட்டபோது கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளன்று மாயவரம் பஸ் நிலையத்தில் நானும் மலர்க்கொடியும் அவள் அம்மாவும் நாகப்பட்டினம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அம்மாள் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு குடை. அவரும் டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தார்.

கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தோம். எதிர்ப்பக்கத்தில் அந்தப் பண்ணைக்காரர், அம்மாளின் சித்தப்பா மகன், நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். அவர் அம்மாளைப் பார்த்தார், அம்மாளும் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைதிகளை வேனிலிருந்து இறக்கினார்கள். விலங்கோடு வந்த அப்பாவைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கு வந்துவிட்டது. விரல்கள் மடங்கின. கண் என்னைத் தேடியது. ஓடுவதற்கு அங்கே இடமில்லை, சுற்றிலும் போலீஸ். எனக்கு மூளையே வேலை செய்யவில்லை.

அம்மாள் குடையை என்னிடம் கொடுத்தார்.

"எழுந்திரு. வா, நடப்போம்" என்று அவள் கையைப் பிடித்தார்.

கோர்ட்டு வளாகத்தைச் சுற்றி நடந்தார்கள். உச்சி வெயில். முதல் சுற்றில் அம்மாளுடைய வழக்கமான நடை. இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. அதற்கடுத்த சுற்றில் ஏறக்குறைய ஓட்டம். கஞ்சிப் புடவை நலுங்கி, கொண்டை சரிந்து, மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, அந்த வயதில், உறவினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்தப் பெண்ணோடு போனார். வக்கீல்கள் வழி விட்டார்கள். வராந்தாவுக்குத் திரும்பியபோது இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. மலர்க்கொடி தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோர்ட்டு டவாலிச் சேவகர் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.

கூண்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் மெல்லிய குரலில் சரியாகச் சொன்னாள். கீற்று யார் கொடுத்தது, யார் வாங்கியது, வீட்டில் விளக்கு ஏற்றியது எப்போது, எல்லாம். பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். உரக்கப் பேசுகிறவர். யார் சொல்லிக் கொடுத்தது, எத்தனை தடவை ஒப்பித்தாய், பள்ளியில் அடிக்கடி மயங்கி விழுவாயாமே என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டார். கம்பியில் இருந்த அவள் கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கை ஏன் நடுங்குது? பொய் சொல்றதாலயா?"

கோர்ட்டு முழுக்க அவள் கையைப் பார்த்தது. அவள் மூச்சை இழுத்து விட்டாள், மறுபடியும் இழுத்து விட்டாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

"பயமாத்தாங்க இருக்கு. பயத்துல நடுங்குது. அது கொஞ்ச நேரத்துல நின்னுடும். நான் சொன்னது நெசங்க" என்றாள்.

அப்புறமும் அரசு வக்கீல் கேட்டார். அவள் பதில் சொன்னாள். எந்த நேரத்தில் கை நடுக்கம் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. இறங்கி வரும்போது நின்றிருந்தது.

அதற்குப் பிறகு பணியில் இருந்த காலம் முழுக்க எத்தனையோ பெண்களை அந்த மைதானத்தில் ஓடவிட்டேன். பரீட்சையில் தோற்றவர்கள், வீட்டில் அடி வாங்கினவர்கள், ஏனென்று சொல்லத் தெரியாமலே வாடிப்போனவர்கள். ஓடினால் எல்லாம் தீரும் என்று இந்த இளம் ஆசிரியைக்கு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஓட்டம் போதவில்லை, டாக்டரிடம்தான் அழைத்துப் போனேன், மருந்தும் தேவைப்பட்டது. ஒருத்திக்கு வீடு மாற வேண்டியிருந்தது. ஆனால் தன் உடம்பையே எதிரியாக நினைத்துப் பயப்படுகிற வயது ஒன்று இருக்கிறது. அந்த வயதில் உடம்பைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள ஒரு பீரியட் வேண்டும். அந்த ஆசிரியைக்கு நான் எழுதுவது இதுதான்: அதைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதே, போய்த் தலைமையாசிரியரிடம் கேள், மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு அவரைப் பார்க்கச் சொல். கூட்டத்தில் நீ பேச வேண்டியது இவ்வளவுதான்.

அம்மாளை அதற்காக யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் சித்தப்பா வீட்டுக் கல்யாணங்களுக்கு அதன்பின் அவருக்கு அழைப்பு இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதேயில்லை. மலர்க்கொடி நர்ஸ் படிப்பு படித்தாள். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தப் பயம் அவளுக்கு வாழ்க்கையில் இன்னும் சில தடவை வந்ததாம். வந்தது, போயிற்று என்றாள்.

கோவிந்தன் வழக்கின் தீர்ப்பு அந்த வருஷம் ஐப்பசியில் வந்தது. அன்று அம்மாளுக்குப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன், நான் மட்டும் அவர்களோடு போனேன். கோவிந்தனைக் குற்றவாளி என்று நிரூபிக்கப் போதிய சாட்சியம் இல்லை, விடுதலை என்று படித்தார்கள். ஆங்கிலத்தில் படித்ததால் எங்களுக்கு உடனே புரியவில்லை. வக்கீல் திரும்பி மலர்க்கொடியைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்து நால்வரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். மழை விட்டிருந்தது. கோவிந்தன் மிகவும் இளைத்திருந்தார். மகளின் தலையைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார், மறுபடியும் தொட்டார். கடல் இங்கே பக்கத்தில்தானே, இந்தப் பெண் பார்த்ததே இல்லையே என்றார். பார்த்துவிட்டுப் போவோம் என்று நடந்தோம்.

மலர்க்கொடி கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஈர மணலில் வடக்குப் பார்த்து ஓடினாள். யாரும் ஓடச் சொல்லவில்லை. படகுகளைத் தாண்டி, வலை உலர்த்துகிறவர்களைத் தாண்டி, சிறு புள்ளியாகத் தெரிகிற வரை ஓடினாள். கோவிந்தன் பின்னாலேயே சிறிது தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்று சிரித்தார்.

அவர் மனைவி என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் முழுக்க அந்த அம்மா என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"பசிக்குது டீச்சர்" என்றாள், யாரோ புதிதாகச் சொல்லிக் கொடுத்த சொல்லைச் சொல்வது போல.

மகள் திரும்பி வரும் வரை காத்திருந்து, நால்வரும் கடைத்தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேடிக்கொண்டு நடந்தோம்.